கல்பனாஸ்வரம் பாட ஆரம்பிக்கிறவங்களுக்கு: முதல்ல அஞ்சறைப்பெட்டிய நிரப்புங்க

வர்ணம் நாலஞ்சு ஆயிருக்கும், கிருதி ஒரு பத்து பதினஞ்சு தேறும், ஒரு நாள் க்ளாஸ்ல டீச்சர் திடீர்னு "சரி, இந்த வரிக்கு நீயே ரெண்டு ஸ்வரம் பாடு பாப்போம்"னு சொல்லிட்டு தொடைல தாளம் போட ஆரம்பிச்சுடுவாங்க, அவ்ளோதான், தொண்டை அடைச்சுக்கும். ராகம் தெரியும், தாளம் தெரியும், பாட்டு தண்ணிபட்ட பாடு, ஆனா வாயத் தொறந்தா ச ரி க ப த-னு ஆரோகணம் மட்டும்தான் வருது, அதையும் பாடி முடிச்சா தாளம் எங்கயோ போயிருக்கு. கர்நாடக சங்கீதத்துல இதுக்குப் பேர்தான் கல்பனாஸ்வரம், பாட்டோட ஒரு வரிய எடுத்து, அந்த ராகத்தோட ஸ்வரங்கள தாளத்துக்குள்ள அப்பப்போ சொந்தமா கோத்துப் பாடிட்டு அதே வரிக்கு திரும்பி வர்றது. அந்த இடத்துல நிக்கிறவங்களுக்குத்தான் இது. நான் வித்வான் எல்லாம் இல்ல, ஆனா இந்தக் கட்டத்த தாண்டுறதுக்கு ஒரு வழி இருக்கு, அது திறமைய விட ஏற்பாடு சம்பந்தப்பட்ட விஷயம்.

இதப்பத்தி கேட்டா ரெண்டு விதமா பதில் வரும். ஒரு கோஷ்டி, "நல்லா கேள்வி ஞானம் வளத்துக்கோ, மனோதர்மம், அதான் சொந்தக் கற்பனை, தானா வரும்"னு சொல்வாங்க. இன்னொரு கோஷ்டி, "நோட்டுல எழுதிக்கோ, மனப்பாடம் பண்ணு, மேடைல ஒப்பிச்சுடு"ம்பாங்க. முதல் ஆள் பேச்ச கேட்டா வருஷக்கணக்கா வெய்ட் பண்ணிட்டே இருப்பீங்க, ரெண்டாவது ஆள் பேச்ச கேட்டா பாடுறது உங்க குரலா இருக்கும், ஆனா ஸ்வரம் டீச்சரோடதா இருக்கும்.

எனக்கு இதுக்கு பதில் சமையல்கட்டுலதான் கிடைக்குது. ரசம் வெக்கிறவங்களப் பாருங்க, உப்பு கண்ணளவு, புளி கையளவு, ஸ்பூன் கிடையாது அளவு கிடையாது, எல்லாம் கைப்பக்குவம்னு நாம சொல்லிக்கிறோம். ஆனா அதே ஈயச்சொம்பு, அதே கரண்டி, அதே கடைல வாங்கின புளி, அதே பொடி, வருஷக்கணக்கா மாறாம இருக்கு, அதனாலதான் கண்ணளவு வேலை செய்யுது. அவங்களுக்கே ஒரு நாள் ஆசை வந்து அன்னாசிப்பழம் போட்டு ரசம் வெச்சா, அன்னிக்கு பருப்பு, பொடி, தாளிப்பு எதுலயும் கை வெக்க மாட்டாங்க. ஒண்ண மாத்தினா மத்தது அத்தனையும் கட்டிப்போட்ட மாதிரி நிக்கும். கீழ வர்ற எல்லா படிக்கும் இது ஒண்ணுதான் ரூல்: ஒரு நேரத்துல ஒண்ணுலதான் கற்பனை, மீதி எல்லாம் முடிவு பண்ணி பூட்டி வெச்சாச்சு.

எடுத்து வெக்க வேண்டியது

ராகம் மோகனம். வேற ராகம் இல்லையான்னா இருக்கு, ஆனா ஆரம்பிக்க இது வசதி. 28ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான ஹரிகாம்போதியோட ஜன்யம் (அதுல இருந்து பொறந்த ராகம்), ம-வும் நி-யும் கிடையாது, அஞ்சே ஸ்வரம், ஏறும்போதும் இறங்கும்போதும் அதே வரிசை. தப்பு பண்ணா உடனே காதுக்கு தெரியும், ஒரு நி இறங்கும்போது தவறி விழுந்துச்சுன்னா பிலஹரி ராகத்தோட வாசனை அடிக்கும்.

பாட்டு, பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரோட நின்னுக்கோரி வர்ணத்தோட பல்லவி முதல் வரி. பொதுவா கச்சேரில வர்ணத்துக்கு யாரும் கல்பனாஸ்வரம் பாடுறது இல்ல, ப்ராக்டீஸுக்குத்தான் சொல்றேன். ஏன்னா கிட்டத்தட்ட எல்லாருக்கும் இது பாடம் ஆகியிருக்கும், ஆதி தாளம், சமத்துல எடுப்பு (தாளத்தோட முதல் தட்டுலயே பாட்டு ஆரம்பிக்குது), க-ல ஆரம்பிக்குது. (இந்த பூச்சி ஐயங்காரோட சிஷ்யர்தான் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், இன்னிக்கு வர்ணத்துல ஆரம்பிச்சு ஓடுற கச்சேரி பத்ததிய நிலைநாட்டினவர்னு சொல்லப்படுறவர்.)

அப்புறம் ஒரு சுருதிப்பெட்டி ஆப், ஒரு நோட்டு, ஃபோன்ல ரெக்கார்டர். மெட்ரோனோம் ஆரம்பத்துல வேணாம்னுதான் சொல்வேன், கை தாளம் போட பழகணும், மிஷின் தாளத்துல பழகினா கை சும்மா அலங்காரத்துக்கு ஆடும்.

பெட்டிய நிரப்புறது

அஞ்சறைப்பெட்டி காலியா இருக்கும்போது அடுப்ப பத்தவெச்சுட்டு கடுகு எங்க சீரகம் எங்கன்னு தேடினா எண்ணெய் புகஞ்சுடும். க்ளாஸ்ல நடக்கிறது அதுதான், தாளம் ஓடிட்டு இருக்கு, நீங்க அப்பதான் பிடி (ராகத்த காட்டுற சின்ன ஸ்வரத் தொடர்) தேடுறீங்க. அதனால முதல் ரெண்டு வாரம் கல்பனாஸ்வரமே பாடாதீங்க. வர்ணத்தோட முக்தாயி ஸ்வரத்தையும் எத்துக்கடை ஸ்வரங்களையும் (வர்ணத்துல ஸ்வரமாவே வர்ற பகுதிகள்) எடுத்து நாலு நாலா, எட்டு எட்டா வெட்டுங்க. நோட்டுல மூணு அறை போட்டுக்கோங்க, கீழ சுத்துறது, நடுவுல சுத்துறது, மேல சுத்துறது. உதாரணத்துக்கு எட்டு எட்டா மூணு பிடி தர்றேன்:

கீழ: ச ரி க ரி ச த ச ரி (அந்த த மந்தர ஸ்தாயி, அதாவது கீழ்ஸ்தாயி)
நடுவுல: க ப த ப க ப க ரி
மேல: த ச ரி ச த ப க ப (ச-வும் ரி-யும் மேல்ஸ்தாயி)

இதே மாதிரி ஒவ்வொரு அறைலயும் அஞ்சாறு பிடி சேந்தா போதும், நூறு பிடி சேக்க வேணாம். ஆனா ஒவ்வொண்ணையும் வர்ணத்துல எப்படி வருமோ அதே கமகத்தோட, அதே அசைவோட பாடணும். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, பாட்டு பாடும்போது மோகனமா இருக்கும், ஸ்வரம்னு வந்துட்டா ஹார்மோனியம் கட்டைய அமுக்கின மாதிரி மொட்டையா ச ரி க ப-னு வரும். ஸ்வரத்தோட பேர சொல்லிப் பாடினாலும் அது ராகம்தான்.

இன்னொரு வேலை, சின்ன வயசுல மாயாமாளவகௌளைல பாடின அலங்காரத்த எல்லாம் மோகனத்துல பாடுங்க. ம வர்ற இடத்துல ப, அப்படியே தள்ளிக்கிட்டே போகணும். திரிபுடை அலங்காரம் ச ரி க ச ரி க ப-னு ஆகும், ஏழு ஸ்வரம். ரூபகம் ச ரி ச ரி க ப, ஆறு. அப்போ எதுக்கு இத்தன தடவ பாடச் சொல்றாங்கன்னு எரிச்சலா இருந்திருக்கும், இந்த ஆறும் ஏழும் பின்னாடி கணக்கு வெக்கும்போது அப்படியே கைல வந்து நிக்கும், கீழ காட்டுறேன்.

முடிக்கிறது எப்படின்னு முதல்ல கத்துக்கோங்க

தலைகீழா இருக்கேன்னு தோணும். ஆனா ரசத்துல முக்கியமான கட்டம் எது, நுரை கட்டி மேல எழும்பி வரும்போது இறக்குறது, அத விட்டு தளதளன்னு கொதிக்க விட்டா எவ்ளோ நல்ல பொடி போட்டிருந்தாலும் வீண். கல்பனாஸ்வரமும் அப்படித்தான், நடுவுல நீங்க சுமாரா பாடினா யாரும் கவனிக்க மாட்டாங்க, ஆனா பல்லவிய சரியான இடத்துல, சரியான ஸ்வரத்துல இருந்து எடுக்கலன்னா எல்லாருக்கும் தெரியும்.

ஆதி தாளம் ஒரு சுத்துக்கு (அதான் ஆவர்த்தனம்) எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை, முதல் நாலும் சேந்து ஒரு லகு, அப்புறம் ரெண்டு ரெண்டா ரெண்டு த்ருதம். கீழ்க்காலத்துல ஒரு அட்சரத்துக்கு ரெண்டு ஸ்வரம். இப்போ பல்லவி வரிய பாடுங்க, அடுத்த ஆவர்த்தனத்துல ஆறு அட்சரம் வாய மூடிக்கிட்டு கை மட்டும் போடுங்க, கடைசி த்ருதத்துல க ப க ரி, உடனே சமத்துல நின்னுக்கோரி. அவ்ளோதான். நாலு ஸ்வரம், ரெண்டு அட்சரம், ரி-ல முடிஞ்சு பக்கத்து க-ல பாட்டு எடுக்குது. இந்தப் பொருத்தம் ரொம்ப முக்கியம், எடுப்பு ஸ்வரத்துக்கு பக்கத்துல இருக்கிற ஸ்வரத்துல வந்து முடிச்சாதான் பாட்டுக்குள்ள வழுக்கிட்டு போகும். ரி-ல முடிக்கலாம், ப-ல முடிக்கலாம், மேல்ஸ்தாயி ச-ல கொண்டு போய் நிறுத்திட்டு தொபுக்கடீர்னு க-க்கு குதிக்காதீங்க.

ஒரு வாரம் இது மட்டும். போரடிக்கும். டிவி பாத்துக்கிட்டே கூட போடலாம்னு சொல்ற அளவுக்கு பழகணும், அப்போதான் நடுவுல கற்பனை ஓடும்போது இந்த முடிவு தானா வந்து நிக்கும்.

கீழ்க்காலம்: மூணே ஸ்வரம்

இப்போ ஆறு அட்சரம் காலியா இருந்துச்சுல்ல, அத நிரப்பலாம். முழுசா நிரப்பாதீங்க, லகுவ விட்டுடுங்க, முதல் த்ருதத்துல நாலு ஸ்வரம் பாடி கடைசி த்ருதத்துல க ப க ரி. அதாவது மொத்தம் எட்டு ஸ்வரம், அதுல நாலு ஏற்கனவே பூட்டியாச்சு, நீங்க யோசிக்க வேண்டியது நாலே நாலு. அதுலயும் ச, ரி, க மூணு மட்டும்தான் உபயோகிக்கணும்னு வெச்சுக்கோங்க. ச ரி க ரி / க ரி ச ரி / க , ரி ச / ரி , , ச / இப்படி. நடுவுல காற்புள்ளி போட்ட இடத்துல முன்னாடி ஸ்வரத்த நீட்டுறது, அதான் கார்வை. மூணு ஸ்வரத்துல என்ன பெருசா பண்ணிட முடியும்னு தோணும், பண்ணிப் பாத்தா தெரியும், கார்வைய எங்க வெக்கிறோம்ங்கிறதுலயே பத்து விதம் வரும், அஞ்சு ஸ்வரத்தையும் குடுத்திருந்தா இந்தக் கார்வை பக்கமே போயிருக்க மாட்டீங்க, மேலயும் கீழயும் ஏறி இறங்கிட்டு இருந்திருப்பீங்க.

இது சரளமா வந்தா முழு ஆவர்த்தனம், 16 ஸ்வரம். அப்பவும் ஏதாவது ஒண்ண பூட்டி வெக்கணும். ஒரு நாள், "இன்னிக்கு முதல் பாதி எல்லாம் ரி-ல வந்து நிக்கும்"னு வெச்சுக்கோங்க, எங்க வேணா சுத்துங்க ஆனா நாலாவது அட்சரம் முடியும்போது ரி-ல நிக்கணும். அடுத்த நாள் க. அப்புறம் ப. பெரிய வித்வான்கள் ஸ்வரம் பாடுறத கவனிச்சா இது தெரியும், ஒரு ஸ்வரத்த வீடா வெச்சுக்கிட்டு அதுக்கே திரும்பத் திரும்ப வருவாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அடுத்த ஸ்வரத்துக்கு குடி போவாங்க. கேக்கிற நமக்கு அருவி மாதிரி கொட்டுறதா தோணும், உள்ள ஒரு ஒழுங்கு ஓடிட்டு இருக்கும்.

மூச்சு எங்க எடுக்கிறதுன்னும் இப்பவே முடிவு பண்ணிடுங்க. கடைசி த்ருதத்துக்கு முன்னாடி ஒரு சின்ன கார்வை, அங்க மூச்சு. இல்லன்னா பல்லவி எடுக்கும்போது குரல் இருக்காது.

மேல்காலமும் சர்வலகுவும்

மேல்காலம்னா அட்சரத்துக்கு நாலு, ஆவர்த்தனத்துக்கு 32. இதுல எல்லாரும் பண்ற காரியம் உடனே கணக்குல இறங்குறது, அஞ்சு அஞ்சா ஏழு ஏழா அடுக்குறது. வேணாம். முதல்ல சர்வலகு, அதாவது தாளத்தோட நடைலயே நாலு நாலா ஓடுறது. மதுரை மணி ஐயர் ஸ்வரம் பாடின பழைய ரெக்கார்டிங் தேடிக் கேளுங்க, சர்வலகுன்னா என்னன்னு அவர் கிட்டதான் கேக்கணும், அதுல பயமுறுத்துற கணக்கு எதுவும் இருக்காது, ஆனா உக்காந்திருக்கிறவன் தலை தானா ஆடும். கணக்கு கேக்கணும்னா ஆலத்தூர் சகோதரர்கள் பாடின ராகம் தானம் பல்லவி இருக்கு, அத பின்னாடி கேட்டுக்கலாம், இப்போ கேட்டா மலைப்புதான் மிஞ்சும்.

நோட்டுல எழுதின எட்டு ஸ்வர பிடிகள் இங்கதான் கை குடுக்கும். ஒரு பிடி ரெண்டு அட்சரம். நாலு பிடி ஒரு ஆவர்த்தனம். கீழ, நடு, மேல, அப்புறம் இறங்கி க ப த ப க ப க ரி-ல முடிச்சு பல்லவி. ஆரம்பத்துல எழுதி வெச்ச பிடியையே எழுதின மாதிரி வரிசையா பாடுங்க, பரவால்ல. அடுத்து வரிசைய மாத்துங்க. அதுக்கும் அடுத்து பிடியோட பின்பாதி நாலு ஸ்வரத்த மட்டும் அந்த நேரத்துக்கு தோணுற மாதிரி மாத்துங்க. பெட்டில இருக்கிற சாமான்தான், அன்னிக்கு மிளகு தூக்கலா சீரகம் தூக்கலாங்கிறது மட்டும் உங்க இஷ்டம். இந்த இடத்துலதான் முதல் தடவையா நீங்க யோசிக்காத ஒரு பிடி வாய்ல வரும், வந்த உடனே அத புடிச்சு நோட்டுல போட்டுடுங்க, அடுத்த நாள் மறந்துடும்.

ஸ்பீடு விஷயத்துல பேராசை வேணாம். மேல்காலம் நிமிஷத்துக்கு 50 அட்சரம் போதும். வேகமா பாடினா கமகம் எல்லாம் தேஞ்சு போய், மோகனம்னு ராகம் பேர் சொன்னாதான் தெரியும்ங்கிற நிலைமை வந்துடும்.

கணக்கு: மூணு தடவ சொல்றது

தீர்மானம்னு சொல்றதுல பாதிக்கு மேல, ஒரு பிடிய மூணு தடவ பாடி, நடுவுல ரெண்டு இடைவெளி விட்டு, எடுப்புல கொண்டு போய் சேக்கிறதுதான். உங்களுக்கு ஏற்கனவே க ப க ரி வாய்ல இருக்கு. அதையே மேல்காலத்துல:

க ப க ரி , , / க ப க ரி , , / க ப க ரி

நாலு, ரெண்டு, நாலு, ரெண்டு, நாலு. மொத்தம் 16 மாத்திரை. அட்சரத்துக்கு நாலுன்னா சரியா நாலு அட்சரம், அதாவது ரெண்டு த்ருதமும். முதல் த்ருதத்தோட முதல் தட்டுல ஆரம்பிச்சா சமத்துல பல்லவி வந்து நிக்கும். விரல் மடக்கி எண்ண வேணாம், லகு வரைக்கும் இஷ்டத்துக்கு பாடுங்க, த்ருதம் வந்தா இதுக்குள்ள போயிடுங்க.

இப்போ வேற பாட்டு, சமத்துல இருந்து அரை அட்சரம் தள்ளி எடுப்புன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு மாத்திரை கூட வேணும், 18. பிடிய தொடாதீங்க, இடைவெளிய ரெண்டுல இருந்து மூணாக்குங்க: 4, 3, 4, 3, 4. வந்துடுச்சு. ஒன்றரை அட்சரம் தள்ளி எடுப்பா? 22 வேணும். இங்கதான் அந்த ரூபக அலங்காரம், த-ல இருந்து இறங்கினா த ப த ப க ரி, ஆறு ஸ்வரம்:

த ப த ப க ரி , , / த ப த ப க ரி , , / த ப த ப க ரி

6, 2, 6, 2, 6. மூணுமே அதே முதல் த்ருதத்துலதான் ஆரம்பிக்குது, அதனால எங்க ஆரம்பிக்கணும்னு தனியா ஞாபகம் வெச்சுக்க வேணாம். பாட்டு வேற ஸ்வரத்துல ஆரம்பிச்சா கடைசி ஸ்வரத்த அதுக்கு பொருத்தமா மாத்திக்கோங்க, கணக்கு அப்படியே இருக்கும்.

பாடுறதுக்கு முன்னாடி சொல்லிப் பாருங்க, தகதிமி தா , தகதிமி தா , தகதிமி-னு வாயால. மிருதங்கக்காரங்க எல்லாரும் வாயால சொல்லிட்டுதான் கைல வாசிக்கிறாங்க, பாடுறவங்க மட்டும் நேரா ஸ்வரத்துல குதிப்போம். சொல்லி சரியா வரலன்னா பாடியும் வராது, அது நிச்சயம்.

அளவு விஷயம் ஒண்ணு சொல்லணும். ஒரு பாட்டுக்கு ஒரு தீர்மானம் போதும். கடைசி ரவுண்டுக்குன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொரு ரவுண்டும் மூணு மூணா முடிச்சா பெருங்காயம் ஜாஸ்தியான மாதிரி ஆயிடும், அதுவும் கரைஞ்ச பெருங்காயத்த திரும்ப எடுக்கவா முடியும்.

எழுதி மனப்பாடம் பண்ணலாமா

இத கேக்காத ஸ்டூடண்ட் கிடையாது. பண்ணலாம், முதல் ஒரு வருஷம் தாராளமா பண்ணலாம். டீச்சர் எழுதிக் குடுத்த ஸ்வரம் ரெடிமேட் பொடி மாதிரி, அத வெச்சு ரசம் வெச்சா ரசம்தான், யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. ஆனா அத பிரிச்சுப் பாக்கணும், இதுல எத்தன பிடி இருக்கு, எங்க நிக்குது, ஏன் இங்க கார்வை, கடைசில என்ன கணக்கு. பிரிச்சுப் பாத்துட்டு ஒரே ஒரு இடத்த மாத்திப் பாடுங்க. இப்படி பிரிக்காம அப்படியே ஒப்பிக்கிறவங்க நாலு வருஷம் கழிச்சும் அதே ஸ்வரத்த அதே இடத்துல பாடிட்டு இருக்கிறத போட்டிகள்ல பாத்திருக்கேன், ஒரே டீச்சர் கிட்ட படிச்ச மூணு குழந்தைங்க ஒரே ராகத்துல அச்சு மாறாம ஒரே "கல்பனா" ஸ்வரம் பாடுவாங்க, ஜட்ஜும் மார்க் போட்டுட்டு போயிடுவார்.

நடுவுல மாட்டிக்கிட்டா

மாட்டிப்பீங்க. தாளம் எங்கன்னு தெரியல, இல்ல அடுத்து என்ன ஸ்வரம்னு தெரியல. முதல் விஷயம், கை நிக்கக் கூடாது. ஸ்வரம் போனா போகட்டும், கை தாளம் ஓடிட்டே இருக்கணும். ரெண்டாவது, ரி-ல ஒரு நீளமான கார்வை போட்டு நில்லுங்க, கேக்கிறவங்களுக்கு அது வேணும்னே நிறுத்தின மாதிரிதான் இருக்கும். கடைசி த்ருதம் வந்தா க ப க ரி, பல்லவி. அத ஒரு வாரம் போரடிக்கப் போரடிக்க போட்டதோட பலன் அன்னிக்கு கிடைக்கும். அந்த த்ருதத்தையும் விட்டுட்டீங்கன்னா அவசரப்பட்டு பாதில எடுக்காதீங்க, இன்னொரு ஆவர்த்தனம் சுத்தி வாங்க, யாரும் துரத்தல.

ரெக்கார்ட் பண்ணத அன்னிக்கே கேக்காதீங்க, பாடின சூட்டுல எல்லாம் நல்லாத்தான் கேக்கும் இல்லன்னா எல்லாமே மோசமா கேக்கும். அடுத்த நாள் காலைல நோட்டோட உக்காருங்க. மேல போகும்போது த சுருதி சேந்து இருக்கா, எந்த பிடி அளவுக்கு மீறி திரும்பத் திரும்ப வருது, பல்லவி எடுக்கும்போது குரல் தெம்பா இருக்கா, இது மூணு மட்டும் பாருங்க. அளவுக்கு மீறி வர்ற பிடிய ஒரு வாரத்துக்கு தடை பண்ணிடுங்க, அந்தப் பக்கம் போனா பாடவே கூடாது. எரிச்சலா இருக்கும், ஆனா புது பிடி கிடைக்கிறது பெரும்பாலும் இப்படி ஒரு வழிய அடைக்கும்போதுதான்.

அடுத்த ராகம்

மோகனம் ஓரளவு கைக்கு வந்துட்டா ஹம்ஸத்வனி. முத்துஸ்வாமி தீக்ஷிதரோட அப்பா ராமஸ்வாமி தீக்ஷிதர் உருவாக்கினதா சொல்ற ராகம், இதுவும் அஞ்சு ஸ்வரம், த-க்கு பதிலா நி. கணக்கு எல்லாம் அப்படியே இருக்கட்டும், தீர்மானம் அதே 16, ராகம் மட்டும் மாறுது. ஆனா பிடிகள அப்படியே த-க்கு நி போட்டு மொழிபெயர்க்காதீங்க, ஹம்ஸத்வனி வர்ணம் ஒண்ணு பாடம் பண்ணி அதுல இருந்து புதுசா பெட்டிய நிரப்புங்க. அப்புறம் கல்யாணி, அங்க ஏழு ஸ்வரமும் இருக்கும், இடம் நிறைய. சஹானா மாதிரி வக்ரமா வளைஞ்சு போற ராகங்கள இப்போதைக்கு விட்டுடுங்க, அதெல்லாம் ஸ்வரம் அடுக்கிப் பாடுற ராகம் இல்ல.

இதுக்கு நடுவுல முடிஞ்சா மிருதங்கம் கத்துக்கிற பையனோ பொண்ணோ யாராவது அக்கம்பக்கத்துல இருந்தா புடிச்சுக்கோங்க. அவங்களுக்கும் வாசிக்க ஒரு பாட்டு வேணும், உங்களுக்கும் ஒரு தாளம் வேணும், நீங்க தகதிமி மூணு தடவ முடிக்கும்போது அந்தப் பக்கம் இருந்து அதே மூணு விழுந்துச்சுன்னா நீங்க போட்ட கணக்கு சரின்னு அர்த்தம், விழலன்னா ரெண்டு பேரும் உக்காந்து சண்டை போட்டு யாரு தப்புன்னு கண்டுபிடிக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயித்துக்கிழமை காலைல ஒரு மணி நேரம் போதும்.